சேற்றுப் புழுவும் மதிப்பெண் பட்டியலும்: தெரிவுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக மானியக் குழுவில் ஆசிரியர் நியமன விதிகளை வகுக்கும் பெரியோர்களுக்கும், அவ்விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு தெரிவுக் குழுக்களில் அமரும் பேராசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தின் சேற்றில் வாழும் உருளைப்புழுக்களை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிரித்தெடுத்து, அளந்து, வரைந்து, இனங்கண்டு வருகிறேன். இந்த வேலைக்காக எனக்குச் சம்பளம் தருகிறவர் எவருமில்லை. சம்பளம் வருவது இளநிலை விலங்கியல் மாணவர்களுக்கு நடத்தும் வகுப்புகளுக்காக, கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில், ஆண்டுக்குப் பதினொரு மாதம் மட்டும். ‘கௌரவ’ என்ற அடைமொழியை எங்களுக்குச் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு நிறையவே இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த மடல் என் சம்பளத்தைப் பற்றியதன்று. நீரில் வாழும் உருளைப்புழுக்களை ஆராய்வதையே தம் தொழிலாகக் கொண்ட ஓர் உயிரியலாளர், அந்தத் தொழிலின் பேரிலேயே ஒரு பல்கலைக்கழகப் பதவிக்கு வந்து சேர உங்கள் விதிகள் வழிவிடுகின்றனவா என்பதைப் பற்றியது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் போல இத்துறையில் நீண்ட மரபுள்ள ஓரிரு இடங்களை விட்டுவிட்டால், வழிவிடவில்லை என்றே எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலுக்குச் சென்றேன். கையில் கோப்புகளோடு ஒரு மரப்பெட்டியும் கொண்டுபோயிருந்தேன். நூறு ஸ்லைடு அடங்கும் பெட்டி. அதில் நான் விவரித்த இனங்களின் மாதிரிகள் வரிசையாக இருந்தன. குழுவில் இருந்த வெளி வல்லுநர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “குடற்புழுவா?” என்றார். “இல்லை ஐயா, இவை யாருடைய குடலிலும் இல்லை. சேற்றில் தாமாக வாழ்பவை” என்றேன். “அப்படியானால் மருந்து தேவைப்படாத புழு” என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு என் கட்டுரைகள் வெளிவந்த இதழ்களின் தாக்கக் காரணியை, அதாவது அவ்விதழ்களின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, கேட்டார்கள். என் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை ஒரே எண்ணாகச் சுருக்கும் ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று கேட்டார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. திறந்திருந்தாலும் பயனில்லை, அந்த அறையில் நுண்ணோக்கி இல்லை.

ஓவியரைத் தேர்ந்தெடுக்கும் குழு ஓர் ஓவியத்தையும் பார்க்காமல், அவை எத்தனை கண்காட்சிகளில் தொங்கின என்பதை மட்டும் எண்ணினால் நமக்கு வேடிக்கையாக இருக்கும். எங்கள் துறையில் அது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது, அது அங்கே வந்து சேர எவ்வளவு காலம் பிடித்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நீர் வற்றும் நேரத்தில் முழங்கால் புதையும் சேற்றில் இறங்கி, நுனியை வெட்டிய ஊசிக்குழாயை மேற்பரப்பில் நேராக அழுத்தி, விரல் நீளத்துக்கு ஒரு சேற்றுத் தூண் எடுக்கிறோம். ஃபார்மலின் ஊற்றி, ரோஸ் பெங்கால் சாயம் சேர்த்தால் உயிர்ப்பொருள் இளஞ்சிவப்பாகும். 63 மைக்ரான் சல்லடையில் அலசியபின், லூடாக்ஸ் என்ற சிலிக்காக் கரைசலில் விட்டால் மண் அடியில் தங்கும், புழு மேலே மிதக்கும். லூடாக்ஸ் வாங்கப் பணமில்லாத மாதங்களில் மளிகைக் கடைச் சர்க்கரையைக் கரைத்துக்கொள்வேன். புழு சற்றுச் சுருங்கும், ஆனாலும் மிதக்கும். பிறகு, குச்சியின் முனையில் ஒட்டிய ஓர் இமை முடியால் புழுக்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதவை. இமை முடியை விடக் கடினமான எதைக் கொண்டு தொட்டாலும் கிழிந்துவிடும். அவற்றை ஆல்கஹாலில் இருந்து கிளிசரினுக்கு மெல்ல மெல்ல மாற்றி, ஸ்லைடில் மெழுகு வளையத்துக்குள் வைத்து, கண்ணாடிச் சில்லு மூடி, விளிம்பில் நகப்பூச்சு பூசி அடைக்க வேண்டும். கல்லூரி வாசலில் உள்ள வளையல் கடைக்காரம்மா, நான் வாங்கும் நிறமற்ற நகப்பூச்சின் அளவைப் பார்த்து என் வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் என்று ஒருமுறை கேட்டதுண்டு.

இவ்வளவும் முன்னுரைதான். வேலை இதற்குப் பிறகே தொடங்குகிறது. உடல் நீளத்தை அதன் பெரும அகலத்தாலும், உணவுக்குழல் நீளத்தாலும், வால் நீளத்தாலும் வகுத்து மூன்று விகிதங்கள் எடுக்கிறோம். தலையைச் சுற்றியுள்ள நுண்மயிர்கள் ஆறும் ஆறும் நான்குமாக எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, தலையின் இருபுறமும் உள்ள வேதியுணர் குழி சுருளா, வட்டமா, பையா, வாய்க்குழியில் பல் உண்டா என்றெல்லாம் பார்க்கிறோம். ஆண் புழு கிடைக்காவிட்டால் பல நேரம் கை கட்டி உட்கார வேண்டியதுதான்; அதன் இனப்பெருக்க முட்களின் வடிவம் தெரியாமல் இனத்தை உறுதி செய்வது அரிது. ஒரு புது இனத்தைப் புதிது என்று சொல்லத் துணிவதற்கு முன், அந்தப் பேரினத்தில் இதுவரை உலகெங்கும் எழுதப்பட்ட அத்தனை விவரிப்புகளையும், ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ரஷ்யனிலும் இருப்பவை உட்பட, தேடிப் படித்திருக்க வேண்டும். என் முதல் இனத்துக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதில் பதினான்கு மாதங்கள் ஓர் ஆண் புழுவுக்காகக் காத்திருந்தவை.

இவ்வளவு பாடு இந்தப் புழுக்களுக்குத் தேவையா என்ற கேள்வி நியாயமானதே. இங்கிலாந்தின் தென்மேற்கில் லைனர் ஆற்றுக் கழிமுகத்துச் சேற்றில் வார்விக், பிரைஸ் ஆகிய இருவர் எண்ணி 1979இல் வெளியிட்ட கணக்கின்படி, குளிர்காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 90 லட்சம் உருளைப்புழுக்களும், மே மாதத்தில் ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சமும் இருந்தன. ஒரு பாய் விரிக்கும் இடத்தில் ஒரு பெருநகரத்தின் மக்கள்தொகை. அவை பாக்டீரியாவை, பாசியை, மக்கும் பொருளை, ஒன்றையொன்று தின்கின்றன. இறாலும் மீன்குஞ்சும் அவற்றைத் தின்கின்றன. கடலில் தாமாக வாழும் உருளைப்புழுக்களில் இதுவரை பெயர் பெற்றவை ஏறத்தாழ 7,000 இனங்கள்தாம்; நன்னீரில் 2,000க்கும் குறைவு. இன்னும் பெயரில்லாதவை அதைப்போல் பல மடங்கு என்பதில் இத்துறையினரிடையே கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை மடங்கு என்பதில்தான் சண்டை.

இந்த 7,000 பெயர்களை யார் வைத்தார்கள் என்று பார்த்தால், என் மனக்குறை என்னுடையது மட்டுமன்று என்பது விளங்கும். 1865இல் ஒரே ஆய்வேட்டில் நூறு புதிய இனங்களை விவரித்த ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன் லண்டனில் மருத்துவர்; நரம்பு நோய்களே அவர் தொழில். புழுக்களைக் கையாண்டதால் ஒவ்வாமை வந்து இந்த ஆய்வையே விட்டுவிட்டார். நான் மேலே சொன்ன மூன்று விகிதங்களை உலகுக்குக் கொடுத்த நெதர்லாந்துக்காரர் டி மான், லைடன் அருங்காட்சியகப் பணியை உதறிவிட்டு, பிற்காலத்தில் யெர்சேகே என்ற கடலோர ஊரில் தம் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்தவர். 1900இல் ‘எலிகன்ஸ்’ என்று பெயரிட்டு மண்ணில் வாழும் ஒரு சிறு உருளைப்புழுவை விவரித்த எமில் மோப்பா அல்ஜியர்ஸ் நகரில் நூலகர். அந்த எலிகன்ஸை வைத்துச் செய்த ஆய்வுகளுக்காக 2002, 2006, 2008, 2024 என நான்கு முறை நோபல் பரிசு தரப்பட்டிருக்கிறது. முதலில் அதற்கொரு பெயரும் விவரிப்பும் தந்தவரின் சம்பளம் புத்தகங்களை அடுக்குவதற்காகக் கொடுக்கப்பட்டது.

இத்துறைக்கு ‘நெமட்டாலஜி’ என்று பெயர் சூட்டி, அது தனித்ததோர் அறிவியலாக வளர வேண்டும் என்று வாதிட்ட நேதன் அகஸ்டஸ் காப் கதையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1859இல் பிறந்து, ஜெர்மனியில் யேனாவில் முனைவர் பட்டம் பெற்று, 1889இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனவருக்குக் கிடைத்த வேலை நியூ சவுத் வேல்ஸ் வேளாண்மைத் துறையில் பயிர்நோய் பார்ப்பது. கோதுமையில் துரு நோயின் அளவை மதிப்பிட அவர் வகுத்த அளவுகோல் திருத்திய வடிவில் இன்றும் வயல்களில் பயன்படுகிறது. பிறகு ஹவாயில் கரும்பு. 1907 முதல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் பருத்தித் தரம் பிரிப்பது உட்படப் பல வேலைகள். இவற்றுக்கு நடுவே, ஷாக்கில்டனின் அண்டார்டிகப் பயணம் கொண்டுவந்த கடற்புழுக்களை 1914இல் விவரித்தார். புழுவை இருபுறமும் திருப்பிப் பார்ப்பதற்காக, அலுமினியச் சட்டத்தில் இரண்டு மெல்லிய கண்ணாடிச் சில்லுகளைப் பொருத்திய ஸ்லைடை வடிவமைத்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. உலகிலிருந்து உருளைப்புழுக்களைத் தவிர மற்ற அனைத்தும் மறைந்துபோனாலும், மலையும் ஆறும் ஏரியும் கடலும் ஒரு புழுப் படலமாக மங்கலாய்த் தெரியும் என்று அவர் எழுதியது 1914ஆம் ஆண்டுக்கான வேளாண்மைத் துறை மலரில். அரசாங்க மலரில் இப்படியொரு கற்பனையை அச்சிட அனுமதித்த அதிகாரியை நான் மனத்தில் வணங்குவதுண்டு.

ஆனால் உங்களுக்கு நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, நம் கடலோடு தொடர்புடைய இன்னொருவரை. ரிச்சர்ட் வில்லியம் டிம் 1923இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மிச்சிகன் சிட்டியில் பிறந்தவர். திருச்சிலுவைச் சபைத் துறவி. வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1952இல், அப்போது பாகிஸ்தானின் பகுதியாக இருந்த டாக்காவுக்கு ஆசிரியராக வந்தார். அங்கு நோட்ர டேம் கல்லூரியில் பாடம் நடத்தினார்; பட்டிமன்றக் கழகம் தொடங்கினார்; 1955இல் அறிவியல் கழகம் தொடங்கினார்; பின்னர் அக்கல்லூரியின் முதல்வருமானார். இந்த வேலைகளுக்கு நடுவே வங்காள விரிகுடாவின் சேற்றையும் மணலையும் அள்ளி, 1961இல் அதன் கடல் உருளைப்புழுக்களைப் பற்றிப் பாகிஸ்தான் அறிவியல் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். சுந்தரவனக் கழிமுகங்களையும் அரபிக்கடலையும் பற்றியும் எழுதினார். வங்காள விரிகுடா என்றால் அதன் மேற்கு விளிம்பில்தானே நான் நிற்கிறேன்? என் ஸ்லைடுகளில் ஒரு புழுவைக் கண்டு குழம்பும் நாள்களில் நான் முதலில் எடுப்பது, மங்கிப்போன நகலாக என்னிடம் உள்ள அந்த 1961 கட்டுரையைத்தான். படங்கள் அவர் கையால் வரைந்தவை. அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்தக் கோடுகளைக் கொண்டு ஓர் இனத்தை இனங்காண முடிகிறது.

1970 நவம்பரில் போலா புயல் அந்தக் கடற்கரையை வாரிக்கொண்டு போனபோது, டிம் மன்புரா தீவில் நிவாரணப் பணியில் இறங்கினார். மறு ஆண்டு வங்கதேச விடுதலைப் போர். அதே 1971இல் வெளியான அவருடைய இன்னொரு கட்டுரை, அண்டார்டிகாவில் மக்மர்டோ பகுதியின் மண்ணிலும் நன்னீரிலும் வாழும் உருளைப்புழுக்களைப் பற்றியது. அதில் அவர் பெயரிட்ட இரண்டு இனங்களை மட்டும் குறிப்பிடுகிறேன். ஸ்காட்நீமா லிண்ட்சேயே என்பது மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் மிக அதிகமாகக் காணப்படும் விலங்கு. அப்பகுதியில் தட்பவெப்ப மாற்றத்தை அளக்கும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருப்பது அதைத்தான். பனாக்ரோலைமஸ் டேவிடை என்பது, தன் உயிரணுக்களுக்குள்ளேயே நீர் உறைந்து பனிக்கட்டியான பிறகும் உயிர்பிழைப்பது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1990களில் அதைக் காட்டியபோது உயிரியலாளர்கள் வியந்தார்கள். வெப்பமண்டலத்து நகரமொன்றில் பட்டிமன்றத்துக்கு நடுவராக இருந்துகொண்டே, பனிக்கண்டத்தின் முதன்மை விலங்குக்குப் பெயர் வைத்தவர் அவர். மொத்தம் 250க்கும் மேற்பட்ட புதிய இனங்களை அவர் விவரித்ததாகச் சொல்வார்கள். 1987இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அது அவருடைய சமூகப் பணிக்காக. புழுக்களுக்காக அவருக்குக் கிடைத்தது, பிற்காலத்தவர் ஒரு பேரினத்துக்கு ‘டிம்மியா’ என்று வைத்த பெயர். 2020இல் தம் 97ஆம் வயதில் மறைந்தார்.

இந்த டிம், 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் முன் விண்ணப்பித்திருந்தால் என்ன பெற்றிருப்பார் என்று ஒரு மாலைப்பொழுதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறிவியல் கட்டுரை ஒன்றுக்கு அடிப்படை மதிப்பெண் 8. தாக்கக் காரணி இல்லாத இதழானால் அதன்மேல் 5. தாக்கக் காரணி ஒன்றுக்குக் கீழானால் 10. அப்படியே ஏறி, பத்துக்கு மேற்பட்டால் 30. ஆகவே, ஒரு கடலின் புழுக்களைத் தனியொருவராக முதன்முதலில் பட்டியலிட்ட 1961 கட்டுரைக்கு, அந்த ஏடு நீங்கள் ஏற்கும் இதழ்களின் பட்டியலில் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், 13 மதிப்பெண். இன்னொருவர் தாக்கக் காரணி பத்தைத் தாண்டிய இதழில் வந்த ஒரு கட்டுரையில் எட்டாவது பெயராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்தால் துணை ஆசிரியருக்கு மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு என்பது விதி. 38இல் 30 விழுக்காடு 11.4. அந்த எட்டாவது பெயருக்கு உரியவர் மாதிரிகளைத் தபாலில் அனுப்பியதோடு நின்றிருக்கக்கூடும்.

கணக்கில் பிழையில்லை, எடுத்துக்கொண்ட அளவுகோலில்தான் கோளாறு. தாக்கக் காரணி என்பது ஒரு கட்டுரை வெளியான அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இனங்களை விவரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலின் கட்டுரை அந்த வேகத்தில் வாழ்வதன்று. டிம்மின் 1961 கட்டுரையை நான் 2023இல் பிரித்துப் பார்த்தேன். அந்த அளவுகோலில் அது பதிவாகாது. மேலும், ஸ்காட்நீமா லிண்ட்சேயே என்ற பெயருக்குப் பின்னால் ‘டிம், 1971’ என்று எழுதுவது எங்கள் மரபு. ஆனால் சூழலியலாளர்கள் அந்தப் பெயரை நூறு கட்டுரைகளில் பயன்படுத்தினாலும் மூலக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பது அரிது. ஆகவே அவர் உழைப்பு எங்கும் பயன்படுகிறது. எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 2020இல் நடந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உலகில் புதிய விலங்கினங்களை மிக அதிகமாக வெளியிடும் ‘ஜூடாக்சா’ என்ற இதழை, தன்னைத்தானே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று சொல்லி, தாக்கக் காரணி வழங்கும் நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. புதிய விலங்கினங்களின் விவரிப்பில் பெரும்பங்கு ஒரே இதழில் வரும்போது, அடுத்து எழுதுகிறவர் அதே இதழைத்தானே மேற்கோள் காட்ட வேண்டும்? உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் சில வாரங்களில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சில வாரங்களில் நேர்காணலுக்குப் போனவர்களின் நிலை என்னவாயிற்று என்று நான் யோசிப்பதுண்டு.

இன்னொரு முரண்பாட்டையும் உங்கள் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிய இனத்தைக் கண்டறிகிறவர் அதை அறிவிக்கப்பட்ட காப்பகங்களுக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். நான் மூன்று முறை அதன்படி நடந்திருக்கிறேன். பஞ்சு சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துப் பதிவு எண் வாங்கியிருக்கிறேன். நாடாளுமன்றம் கடமை என்று சொன்ன இந்த வேலைக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. இந்திய அரசு தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் வகைப்பாட்டியலுக்கென்று ஒரு விருதை நிறுவியது. விருது வாங்கும் அளவுக்கு ஒருவர் வளர, அதற்கு முன் முப்பது ஆண்டுகள் எங்கேனும் வேலையில் இருந்திருக்க வேண்டும்.

வேறு வழி உண்டா என்று கேட்டால், உண்டு. சில நாடுகள் செய்து காட்டியிருக்கின்றன. பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகம் கடல் உருளைப்புழு ஆய்வுக்கென்றே ஒரு குழுவைப் பல பத்தாண்டுகளாகப் பேணி வருகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் மாணவர்கள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். எத்தியோப்பியாவின் நன்னீர்ப் புழுக்களை ஆராய்ந்து அங்கே முனைவர் பட்டம் பெற்ற எயுவாலெம் அபேபே, 2006இல் வெளிவந்த நன்னீர் உருளைப்புழுக்கள் பற்றிய பெருந்தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டி அரசுப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியப் பணி செய்கிறார். பெருநகரத்தின் பேர்பெற்ற ஆய்வுப் பல்கலைக்கழகமன்று அது, பெரும்பாலும் இளநிலை மாணவர்கள் படிக்கும் சிறிய நிறுவனம். புழு ஆய்வுக்கு வானளாவிய கட்டடம் வேண்டியதில்லை. ஒரு நல்ல நுண்ணோக்கியும், காப்பகமும், பத்தாண்டு பொறுமையும், அந்தப் பத்தாண்டும் நிலைத்திருக்கும் ஒரு பதவியும் போதும். பிரிட்டனில் வார்விக்கும் அவருடைய சகாக்களும் படங்களோடு தயாரித்த மூன்று இனங்காண் கையேடுகள் 1983, 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்தன. முதல் கையேட்டுக்கும் மூன்றாவதற்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள்.

“இனி மரபணு வரிசை போதும், ஸ்லைடு எதற்கு?” என்று கேட்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். சேற்றிலிருந்து மரபணுவை நேரடியாகப் பிரித்து வரிசைப்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் கிடைத்த வரிசை எந்தப் புழுவுடையது என்று சொல்ல, பெயர் தெரிந்த புழுவிலிருந்து எடுத்த வரிசை ஒன்று முன்பே தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். அந்தப் புழுவுக்குப் பெயர் வைத்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத வரிசைகளின் குவியல், தொலைபேசி எண்கள் மட்டும் இருந்து பெயர்கள் இல்லாத விவரப் புத்தகம் போன்றது. என் மாணவர்களுக்கு நான் இரண்டையும் கற்பிக்கிறேன்; மரபணுவுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு புழுவையும் படமெடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆய்வக விதி. ஆய்வகம் என்றால், பழைய மாணவர் விடுதியின் சமையலறை.

இந்த வேலையின் பயன் தெரிய வேண்டுமானால் எண்ணூரைப் பாருங்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் அதை வாளியாலும் கையாலும் அள்ளியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிந்த எண்ணெய் அகன்ற பிறகு சேறு தேறிவிட்டதா என்று எப்படி அறிவது? மீன் நீந்திப் போய்விடும், நண்டு நடந்து போய்விடும். உருளைப்புழு இடம் பெயர்வதில்லை. பிறந்த சேற்றிலேயே வாழ்ந்து, சில வாரங்களில் அடுத்த தலைமுறையைப் பெற்றுவிட்டு, அங்கேயே மடிகிறது. ஆகவே அங்கு எந்தெந்த இனங்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதே அந்தச் சேற்றின் நோய்ச் சீட்டு. உயிர்வளி குறைந்த சேற்றில் சபாட்டீரியா, டெர்ஷெல்லிங்கியா போன்ற பேரினங்கள் பெருகி மற்றவை குறைந்தால், எங்களுக்கு நாடி பிடித்ததுபோல் தெரியும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க விபத்துக்கு முந்தைய பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை விபத்து நடந்த பிறகு தயாரிக்க முடியாது. எவ்விதப் பரபரப்பும் இல்லாத சாதாரண ஆண்டுகளில், எவரும் கேட்காதபோது, சேற்றில் இறங்குகிறவர் ஒருவர் அங்கே வேலையில் இருந்திருக்க வேண்டும்.

2025 ஜனவரியில் நீங்கள் வெளியிட்ட வரைவு விதிகள், மதிப்பெண் கூட்டும் முறையிலிருந்து விலகி, விண்ணப்பதாரரின் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளைப் பார்க்கலாம் என்றன. துணைவேந்தர் நியமனம் பற்றிய சர்ச்சையில் அந்தப் பகுதி பேசப்படாமலே போயிற்று. அந்தச் சர்ச்சையில் எனக்கும் கருத்துண்டு, அதற்கு இது இடமன்று. பங்களிப்புகள் என்று நீங்கள் வரிசைப்படுத்துவனவற்றில் புதிய இனங்களை விவரிப்பதும், ஒரு பேரினத்தைத் திருத்தி எழுதுவதும், இனங்காண் கையேடு தயாரிப்பதும், சட்டப்படி மாதிரிகளைக் காப்பகத்தில் ஒப்படைப்பதும் வெளிப்படையாக இடம்பெற வேண்டும் என்று கேட்கிறேன். இதழின் தாக்கக் காரணி எதுவாயினும், பதிவு எண்ணே சான்றாகட்டும். வகைப்பாட்டியலில் தேர்ந்தவர் விண்ணப்பிக்கும்போது வெளி வல்லுநர்களில் ஒருவரேனும் அத்துறையினராக இருக்கட்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916 முதல் இயங்குகிறது. அதன் கடல் உயிரியல் மையம் சென்னையிலேயே இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லத் தேவை வராது. திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது மூன்றாண்டு என்ற கால வரம்பை எங்களுக்குச் சற்றுத் தளர்த்துங்கள். ஆண் புழுவுக்குத் திட்ட அறிக்கை சமர்ப்பிக்கும் கடைசி நாள் எது என்று தெரியாது.

எனக்கு இனி நேர்காணலுக்குப் போகும் வயதில்லை. ஆனால் என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருத்தி, பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சேற்றில் ஆறு ஆண்டுகள் வேலை செய்து முடித்திருக்கிறாள். மீனவர் குடும்பத்துப் பெண், எந்த வாய்க்காலில் எப்போது நீர் வற்றும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவள். வரும் மாதங்களில் உங்களில் சிலர் முன் அவள் வந்து உட்காருவாள். என் பழைய மரப்பெட்டியை அவளிடம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில், கோப்புகளுக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் பக்கத்தில், எண்ணெய் வில்லை பொருத்திய ஒரு நுண்ணோக்கியை வைக்கச் சொல்லுங்கள். முதல் வரிசையில் மூன்றாவது ஸ்லைடு ஓர் ஆண் புழு.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
கடலூர் மாவட்டம்